நேற்றைக் காட்டும் கண்ணாடி: ஒரு வன்னிக் கானிவேல் கொலைக்கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருசமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கானிவேலில் நடக்கும் கொலை, அதில் கொஞ்சம் மாயம். கிளிநொச்சியில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில் அதன் போட்டோப் பிரதிகள் கைமாறுகின்றன. வாசித்தவர்கள், வாசிக்காதவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என்று எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்படியே விட்டிருக்கிறேன்.

ரீச்சர், கானிவேல் எண்டா சேர்க்கஸ்தானே?

இல்லை. சேர்க்கஸ் என்றால் ஒரே கூடாரம், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கானிவேல் ஒரு வெளி. ஒரு மூலையில் ராட்டினம், ஒரு மூலையில் மரணக்கிணறு (நிமிர்ந்த பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஓடும் வட்டக் கிணறு), நடுவில் வளையம் எறிகிற கடை, கண்ணாடி வீடு, பேய் வீடு, தும்புமுட்டாசு, ஐஸ்பழம். ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். நானூறு பேர் நின்ற இடத்தில் நடந்த ஒன்றை நாலு பேர்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கொலைக்கதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கதை என்னெண்டு சுருக்கமாச் சொல்லுங்கோவன்.

தெற்கிலிருந்து ஆறு லொறியில் ஒரு கானிவேல் வருகிறது. ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில், அரிவு வெட்டி முடிந்த ஒரு வயல் வெளியில் இறங்குகிறது. (ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்த ஊரார் என்னைத் தேடி வருவார்கள்.) நாலாம் நாள் இரவு 9.36க்கு ஜெனரேற்றர் நின்று ஏழு நிமிடம் லைற் இல்லை. லைற் வந்தபோது மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் கிணற்றின் அடியில் செத்துக் கிடக்கிறார், பக்கத்தில் சைக்கிள் சரிந்து கிடக்கிறது.

கண்ணாடி வீட்டை நடத்தும் பெண்ணைப் பொலிஸ் கொண்டுபோகிறது. அவளுடைய கண்ணாடிகளில் ஒன்று மட்டும் இன்றைக் காட்டாது, நேற்றைக் காட்டும். எந்தக் கண்ணாடி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்ப இது பேய்க்கதையோ, துப்பறியிற கதையோ? ரெண்டும் எப்பிடி ஒண்டாய் வரும்?

துப்பறியும் கதை. 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பது அதில் இரண்டாவது. ஒரு பாதிரியாரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று நான் முதலில் தயங்கினேன். பிறகு யோசித்தால், அவர் பயந்தது மாயத்துக்கு அல்ல, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று குதிக்கிற மாயத்துக்கு. பிணம் விழுவதற்கு முன்பே மாயத்தின் அளவை வாசகரின் கையில் கொடுத்துவிட்டால் அதுவும் ஒரு பூட்டு, ஒரு சாவி மாதிரித்தான்.

அதனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே சட்டம் எல்லாம் வந்துவிடும். கண்ணாடி சரியாக 24 மணித்தியாலத்துக்கு முந்தியதைத்தான் காட்டும், முன்பின் இல்லை. தனக்கு முன்னால் இருந்ததை மட்டும் காட்டும், மூலைக்கு அப்பால் பார்க்காது. சத்தம் வராது. நேற்று அந்த நேரம் வெளிச்சம் இல்லையென்றால் இன்றைக்குக் கண்ணாடியும் கறுப்புத்தான். இதற்கு மேல் ஒன்றையும் நான் பின்னால் சேர்க்கவில்லை. இன்னொன்று: கண்ணாடி கொலைகாரனைக் காட்டாது. ஒரு பொய்யை மட்டும் உடைக்கும். மிச்சத்தை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நொக்ஸின் மூன்றாவது கட்டளை, இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது. கண்ணாடி வீட்டில் கதை நடத்தினால் அந்தக் கட்டளை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கொழும்பில வைச்சிருக்கலாமே, ஏன் வன்னியில?

எனக்கு வன்னிதான் தெரியும் என்பது முதல் காரணம். இரண்டாவது, கானிவேல் எங்கே எப்போது வரும் என்பதை இங்கே வயல்தான் தீர்மானிக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, வெளியில் லொறி புதையும். காலபோகம் வெட்டி ஆட்கள் கையில் காசு இருக்கும் மாசி பங்குனியிலோ, சிறுபோகம் முடிந்த ஆவணி புரட்டாதியிலோதான் ராட்டினம் கட்டலாம். என் கதையில் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த சிறுபோகம் முடிந்திருக்கிறது. சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, வெளியெல்லாம் புழுதி.

மூன்றாவது, வீதி. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதி சுமார் 50 கிலோமீற்றர், இரண்டு பக்கமும் நெடுந்தூரம் காடு. லொறி கிளம்பினால் எந்தப் பக்கம் போனதென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு ஆள் நடந்து காட்டுக்குள் இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது. மூடின அறையில் நடக்கும் கொலையை வெட்டவெளியில் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது இந்த வீதியில் பஸ்ஸில் போகும்போதுதான்.

எந்த வருசம் நடக்குது? சண்டைக்கு முந்தியோ, பிந்தியோ?

2013 செப்டெம்பர். இந்த மாதத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது. 14ஆம் திகதி யாழ்தேவி ரயில் மறுபடியும் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியது. 21ஆம் திகதி வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். இரண்டுக்கும் நடுவில் ஊர் முழுக்கச் சுவரொட்டி, பொலிஸ் முழுக்கத் தேர்தல் கடமை. ஒரு கானிவேல்காரர் செத்ததை விசாரிக்க ஆளில்லாத கிழமை அது. கொலை 18ஆம் திகதி புதன்கிழமை இரவு.

சில ஊர்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது, சில ஊர்களுக்கு இல்லை. 1990க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் பலர் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆயிரம் கலர் பல்ப் ஒன்றாக எரிவதைப் பார்ப்பதே மாயம். கண்ணாடிக்கு நான் புதிதாக ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை.

கொலை எண்டா அமாவாசை இருட்டுத்தானே வேணும்?

நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பிறகு கலண்டரைப் பார்த்தால் 19ஆம் திகதி போயா, பௌர்ணமி விடுமுறை. அதாவது கொலை நடந்த இரவு நிலா ஏறக்குறைய முழுசு, அதுவும் இரவு ஒன்பதரைக்கு நல்ல உயரத்தில். முதலில் திகதியை மாற்ற நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் ஒரு நல்ல துப்பு இருந்தது: ஜெனரேற்றர் நின்ற ஏழு நிமிடமும் வெளியில் இருட்டு இல்லை. “ஒண்டும் தெரியேல்லை, கும்மிருட்டு” என்று வாக்குமூலம் கொடுத்தவர்கள் மூன்று பேர். மூவரும் வெளியில் நின்றதாகத்தான் சொல்கிறார்கள்.

அக்கா, மரணக்கிணற்றில விழுந்தா அது விபத்துத்தானே? வேகமா ஓடினா விழத்தானே வேணும்?

வேகமாக ஓடினால் விழமாட்டார்கள். மெதுவாக ஓடினால்தான் விழுவார்கள். பலகைச் சுவர் சைக்கிளை உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் ரயருக்கும் பலகைக்கும் இடையில் பிடிப்பைக் கொடுக்கிறது, பிடிப்புத்தான் ஆளைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. என்னுடைய உயர்தரப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். கிணற்றின் ஆரை 5 மீற்றர், உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்தால் ஆகக் குறைந்த வேகம் மணிக்கு 28 கிலோமீற்றர் அளவில் வரும். பலகையில் எண்ணெய் பூசிக் குணகத்தைப் பாதியாக்கினால் அதே கிணற்றுக்கு 40 வேண்டும். வழக்கமாக 35இல் ஓடிப் பழகியவர் அன்றைக்குச் சறுக்குவார்.

ஆக, எண்ணெய்தான் கொலை என்று நினைப்பீர்கள். கதையில் பொலிசும் அப்படித்தான் நினைக்கிறது, பலகையில் எண்ணெயும் இருக்கிறது. ஆனால் ஏழு நிமிடம் லைற் இல்லாத கிணற்றுக்குள் எவர் சைக்கிள் ஓட்டுவார்? கச்சான் விற்கிற அம்மா சைக்கிளின் எஞ்சினில் கை வைத்துப் பார்க்கிறார், சூடில்லை. செத்தவர் அங்கே ஓடி விழவில்லை. அவரை அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

கச்சான் விக்கிற மனிசி துப்பறியிறதோ! பொலிஸ் இல்லையோ?

ஏன், கச்சான் விற்றால் கண் தெரியாதா? அவர் முறிகண்டிக்காரி. ஏ9 வீதியில் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க நிற்கும் இடத்தில் இருபது வருசம் இருந்தவர். எந்த வாகனத்தில் எத்தனை பேர், யாருடன் யார் கதைக்கவில்லை, யார் அவசரமாக இறங்கினார் என்று பார்ப்பதுதான் அவருடைய சீவியம். கானிவேல் வாசலில் அவர் விற்ற கச்சான் சுருள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். யார் உள்ளே போகும்போது வாங்கினார், யார் வெளியே வரும்போது வாங்கினார் என்பதும் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய மகன் சண்டை முடிந்த 2009இல் காணாமல் போனவர். நாலு வருசமாக ஒரு படத்தை மட்டை பண்ணிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கி, கேள்வி கேட்கப் பழகியிருக்கிறார். பதில் சொல்கிறவரின் கண் எப்போது மேசைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவு சாவு பாத்த மண்ணில, பொழுதுபோக்குக்கு ஒரு கொலைக்கதை தேவைதானா பிள்ளை?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். கோபமாகத்தான் கேட்டார். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

துப்பறியும் கதையில் நடப்பது என்ன? ஒரே ஒரு ஆள் சாகிறார். அவர் எந்த நேரம், எங்கே, யாரோடு நின்றார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்றுகூடக் கேட்கிறார்கள். பதில் வரும்வரை கதை முடியாது. எங்களுக்கு அப்படி நடந்ததா? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் போனவர்களின் தாய்மார் பந்தல் போட்டு இருந்தார்களே, அவர்கள் கேட்டதும் இதே கேள்விகளைத்தான்: எந்த நேரம், எங்கே, யாரிடம் கொடுத்தோம், பிறகு என்ன நடந்தது. கண்ணாடியைவிட என் நாவலில் பெரிய கற்பனை ஒரு சாவை முடிவு வரை விசாரிப்பதுதான்.

ஒரு சின்ன விசயம் மட்டும் சொல்கிறேன். சண்டையில் இடம்பெயர்ந்த சனம் தறப்பாள் கூடாரங்களில் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை மூடியது 2012 செப்டெம்பரில். கதை நடப்பது சரியாக ஒரு வருசம் கழித்து. கானிவேல் கூடாரமெல்லாம் தறப்பாள். ஊரார் சிலர் வாசல்வரை வந்து, தறப்பாள் காற்றில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். முதல் அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

அம்மாளாச்சியைக் கதைக்குள்ள இழுத்திருக்கிறியளோ?

இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீர் எடுத்து வந்து அதில் விளக்கு எரிக்கிறார்கள். நானும் வரிசையில் நின்று கும்பிட்டவள். அதை ஒரு கதையின் பொறியாக மாற்ற எனக்கு மனமில்லை. தெய்வத்துக்குச் சட்டம் எழுத நான் யார்? மேலே சொன்ன மாதிரி மாயத்துக்கு அளவு வேண்டும். நம்பிக்கைக்கு அளவு போடக் கூடாது. ஆகவே மாயத்தை லொறியில் வெளியிலிருந்து வரவைத்தேன், லொறியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். கச்சான் அம்மா மட்டும் பொழுதுபட்டதும் வற்றாப்பளைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான்.

துவக்கில்லாமல் வன்னியில கொலையோ?

முதல் பிரதியில் கட்டுத்துவக்கு (இடறினால் தானாக வெடிக்கிற பொறித் துவக்கு) வைத்திருந்தேன். பன்றிக்குக் கட்டிவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம், ஆள் செத்தாலும் கட்டினவர் அங்கே இல்லை. அருமையான சாட்டு. ஆனால் கட்டுத்துவக்கு ஆள் பார்த்துச் சுடாது. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று அதில் அகப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு புத்திசாலித்தனமாகக் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை. நஞ்சான அலரி விதையையும் அதே மாதிரி விட்டுவிட்டேன், அது எங்கள் வீடுகளுக்கு மிகக் கிட்டிய துக்கம்.

ஆனால் ஒரு வெடிச்சத்தம் இருக்கிறது. 9.40க்கு ‘டமார்’ என்று கேட்கிறது, யானைவெடி. எங்கள் ஆட்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், யாரோ வயலில் யானை கலைக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். கானிவேல் ஆட்கள் எல்லாரும் திடுக்கிட்டு ஓடுகிறார்கள். ஓடாமல் நின்று கச்சான் கோதைத் துப்பிக்கொண்டிருந்த கானிவேல்காரர் ஒருவர் இருக்கிறார். தான் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொழும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். (அவர் கொலைகாரர் இல்லை. இதைச் சொல்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது.)

பாலைப்பழம் பிழையெண்டு ஆரோ பிடிச்சவையாமே?

பிடித்தார்கள். செப்டெம்பரில் ஒரு பொடியன் பாலைப்பழம் தின்று உதடெல்லாம் பால் ஒட்ட நிற்கிறான் என்று எழுதியிருந்தேன். முள்ளியவளை அம்மா ஒருவர் வாசித்துவிட்டு, “ஆடியோட முடிஞ்ச பழத்தைப் புரட்டாதியில தின்னுறானே, உங்கட பொடியன்தான் மந்திரவாதி” என்று சிரித்தார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த வரியை நான் அழிக்கவில்லை. இப்போது அது ஒரு பெரிய ஆளின் வாக்குமூலத்தில் இருக்கிறது: “பாலைப்பழம் புடுங்கக் காட்டுக்குப் போனனான்.” அவர் பொய் சொல்கிறார் என்று ஊர் வாசகருக்கு உடனே தெரியும், வெளியூர் வாசகருக்கு மூன்று அத்தியாயம் பிந்தித் தெரியும்.

பொலிஸ், கோடு விசயமெல்லாம் சரியா எழுதியிருக்கிறியளோ?

முடிந்தவரை. திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார், சட்ட வைத்திய அதிகாரி பிரேதத்தைப் பார்க்கிறார், கொலை என்ற சந்தேகம் வந்ததும் விசயம் நீதவானிடம் போகிறது. பிடித்த ஆளைப் பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கண்ணாடிக்கும் அதே 24தான். முதலில் இது தற்செயலாக வந்தது, பிறகு கதையின் முதுகெலும்பாகிவிட்டது. 19ஆம் திகதி இரவு 9.36க்குச் சரியான கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். கண்ணாடி தெரிந்த பெண் பொலிஸ் கூட்டுக்குள். போயா என்பதால் நீதிமன்றமும் பூட்டு, நீதவானின் வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கண்ணாடியைச் சின்னப் பிள்ளையள் ‘ஈக்கண்ணாடி’ எண்டு ஏன் சொல்லுதுகள்?

இதைக் கவனித்தவர்களுக்கு என் நன்றி. அந்தப் பெண் சிங்களம் மட்டும் பேசுகிறவள். ‘ஈயே’ என்றால் சிங்களத்தில் நேற்று. அவள் அந்தக் கண்ணாடியை அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் பிள்ளைகளின் காதில் அது ‘ஈ’ என்று விழுந்து, ஈ மொய்க்கிற கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொலிசில் அவள் சொன்னதை எழுதியவருக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அவள் புலம்புகிறாள் என்று விட்டுவிட்டார். கச்சான் அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் கந்தோர் வாசல்களில் “நேற்று வந்திருக்க வேணும்” என்று அத்தனை தரம் திருப்பி அனுப்பப்பட்டதில் அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணாடியில தெரியிறதைப் போனில படம் எடுத்துக் கோட்டில குடுக்கலாமே?

எடுத்தால் இன்றைய முகம்தான் படத்தில் வரும். இது புதுச் சட்டம் இல்லை, இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பொடியன் செல்பி எடுத்துப் பார்த்து ஏமாறும் இடத்தில் இருக்கிறது. பலர் அதைப் பகிடி என்று தாண்டிவிடுகிறார்கள்.

லைற் இல்லாத ஏழு நிமிசமும் கண்ணாடி கறுப்பெண்டா, அது என்னத்துக்கு உதவும்?

முன்பு சொன்ன நிலாவை மறந்துவிட்டீர்கள். கூரைத் தறப்பாளில் ஒரு கிழிசல் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒரு துணைக் கேள்வியை மட்டும் நானே கேட்டு வைக்கிறேன்: நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முந்தநாளைப் பார்த்தவர் யாராவது இருந்தால், இன்றைக்கு அவரே அதில் தெரிவார், இல்லையா?

பிள்ளை, அந்தக் கண்ணாடி நேற்றை மட்டும்தானோ காட்டும்? 2009ஐக் காட்டாதோ?

வாசிப்பு வட்டத்துக்கு மகளோடு வந்த ஒரு அம்மா கேட்டது. பகிடியாகக் கேட்கவில்லை. 24 மணித்தியாலம் என்ற சட்டத்தைச் சொன்னேன். “நீங்கள் எழுதிற கதைதானே, கொஞ்சம் கூட்டி எழுதலாமே” என்றார்.

எழுதிப் பார்த்தேன். கச்சான் அம்மா கண்ணாடிக்கு முன்னால் தனியே நிற்கிறார், கண்ணாடி பின்னால் பின்னால் போகிறது. பதினொரு பக்கம். மகனின் முகம் வருகிற இடம் வந்ததும் எனக்கு ஓடவில்லை, கிழித்துவிட்டேன். இப்போதுள்ள பிரதியில் அவர் 9.36க்குக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார், பார்க்க வேண்டியதைப் பார்க்கிறார். பிறகு மடியிலிருந்து மட்டை பண்ணிய படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்துவிட்டு வெளியே வருகிறார். நாளைக்கு இதே நேரம் அந்தப் படம் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்க்க அங்கே கண்ணாடி வீடு இருக்காது, விடிய லொறி கிளம்பிவிடும்.

முடிவை மட்டும் சொல்லுங்கோ ரீச்சர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

போன முறை இப்படிக் கேட்டவருக்குச் சொன்னேன். அன்றிரவே மூன்று பேர் போன் எடுத்து “அவரோ!” என்றார்கள். அதனால் கொலைகாரரையே மாற்ற வேண்டி வந்து, ஆறாம் அத்தியாயத்தையும் பதினோராம் அத்தியாயத்தையும் முழுதாகத் திருப்பி எழுதினேன். பழைய பிரதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அதில் செய்தவர் இப்போது நிரபராதி.